வெறும் ‘ம்’ வேண்டாம்!

“நீ ‘ம்’னு சொன்னா கேக்கலைன்னு அர்த்தம். எனக்குத் தெரியும்!”

இப்படி என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது என் மகள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் யாருடைய டிபன் பாக்ஸை யார் தட்டிவிட்டார்கள் என்று அவள் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தாள். நானோ முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே, மனசை எங்கேயோ வைத்துக்கொண்டு, ‘ம்… ம்…’ என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் இது தினசரி நடப்பதுதானே? ‘இதெல்லாம் ஒரு விஷயமா, இதற்கு ஒரு கட்டுரையா?’ என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இது பெரிய விஷயம்தான், சகோதரிகளே. இந்த ஒற்றை எழுத்தால் 2021-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், ஒரே வாரத்தில், இரண்டு இடங்களில் நான் தலைகுனிந்து நின்றேன். ஒன்று வீட்டில். மற்றொன்று ஆபீஸில். ஆபீஸ் என்றால் எங்கோ இல்லை. எங்கள் வீட்டுப் பின்னறைதான்!

பின்னறை ஆபீஸ்

முதலில் நாங்கள் சென்னையில் இருந்தோம். 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது அல்லவா? அப்போது எங்கள் கம்பெனியில் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, ‘வீட்டிலிருந்தே பாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். வாடகை கொடுத்துக்கொண்டு சென்னையில் எதற்கு இருக்க வேண்டும் என்று, இ-பாஸ் வாங்கிக்கொண்டு திருச்சி உறையூரில் என் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நெல் குதிர் இருந்த பின்னறையைக் காலி செய்து, மேஜை போட்டு, இன்வெர்ட்டர் இழுத்து, அதை என் ஆபீஸாக்கிக் கொடுத்தார் மாமா.

என் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் எழுதும் குறிப்பைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்பதற்கு உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். ஆஸ்துமாவுக்கு ஜே 45, சர்க்கரை நோயில் நம்மவர்களுக்கு அதிகம் வரும் வகைக்கு ஈ 11 என்று, இப்படிப் பல்லாயிரக்கணக்கான எண்கள். ‘மெடிக்கல் கோடிங்’ என்று சொல்வார்கள். திருச்சி, சென்னைப் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

நான் பத்துப் பேருக்கு டீம் லீடர். சென்னையில் இருந்தவரைக்கும் பத்துப் பேரும் ஒரே ஹாலில், என் கண் எதிரில் இருந்தார்கள். யார் கண் சிவந்திருக்கிறது, யார் காலை டிபன் சாப்பிடாமல் ஓடி வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஊரடங்குக்குப் பிறகு ஒருத்தி நாகர்கோவில், ஒருத்தி சேலம், ஒருவர் ஓசூர், ஒருவர் பாலக்காடு என்று திக்குக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது கம்ப்யூட்டரில் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் எரியும் ஒரு பச்சைப் புள்ளி மட்டும்தான். பச்சை எரிந்தால் ஆள் இருக்கிறார். மஞ்சள் ஆனால் எழுந்து போய்விட்டார்.

கண்ணால் பார்க்க முடியாதபோது மனசு சந்தேகப்படும், இல்லையா? எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. புள்ளி மஞ்சள் ஆனால் உடனே ஒரு மெஸேஜ்: ‘எங்கே இருக்கீங்க?’ பதில் வர ஐந்து நிமிஷம் ஆனால் இன்னொன்று. ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது ஞாபகம் வந்தால் அப்போதே ஒன்று. பத்துப் பேரும் எனக்குப் பதில் போட, நான் பத்துப் பேருக்கும் பதில் போட, நாள் முழுக்க டொய்ங், டொய்ங் என்று சத்தம். கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி என் கட்டைவிரல் அதற்கெல்லாம் ‘சரி’, ‘ஓ.கே.’ என்று இறைத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்தச் சமயத்தில் கம்பெனியில் எங்களுக்கெல்லாம் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று ஒரு மணி நேர வகுப்பு வைத்தார்கள். செய்யும் காரியத்தில் மனசை முழுசாக வைப்பது என்று அர்த்தம். 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காக இதை ஒரு பயிற்சியாக ஆரம்பித்தார். அதில் உலர்ந்த திராட்சை ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெல்ல மெல்லச் சாப்பிடச் சொல்வார்கள். எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள். நான் திராட்சையை வாயில் போட்டுக்கொண்டே ஏழு மெஸேஜுக்குப் பதில் போட்டேன்! திராட்சை இனித்ததா புளித்ததா என்று இன்றுவரை தெரியாது.

ஒரு ஸ்பூன் மருந்து

அந்த நவம்பரில் நல்ல மழை. மகளுக்கு அப்போது நாலு வயசு. சளியும் காய்ச்சலுமாகப் படுத்திருந்தாள். டாக்டரிடம் காட்டி, பாராசிட்டமால் சிரப் வாங்கி வந்திருந்தோம். ஒரு வேளைக்கு 5 மி.லி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

அமெரிக்கக்காரர்களோடு தினமும் சாயங்காலம் எனக்கு ஒரு மீட்டிங் உண்டு. அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால், கோடையில் நமக்கு மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்துவிடுவார்கள். அன்றிலிருந்து நமக்கு அது ஏழரை மணி! குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நேரம். இட்லி ஊற்றுகிற நேரம். தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது அத்தை கதவைத் தட்டி, தலையை நீட்டி ஏதோ சொன்னார்கள். காதில் ஹெட்போன். எதிரே நியூஜெர்சி அம்மாள் எங்கள் டீமின் தவறுகளை எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அத்தையைப் பார்த்து ‘ம்… ம்…’ என்று தலையை ஆட்டினேன். அத்தை போய்விட்டார்கள்.

மீட்டிங் முடிய எட்டே கால். வந்து பார்த்தால் குழந்தை அனலாகக் கொதிக்கிறாள். ‘ஐயோ, மருந்து கொடுக்கவில்லையே’ என்று அவசர அவசரமாக ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அப்போதும் கழுத்தில் ஹெட்போன். ஒரு கையில் போன். கொடுத்துவிட்டு மூடியைத் திருகும்போது அத்தை உள்ளே வந்தார்கள்.

“ஏம்மா, என்ன குடுத்த? நான்தான் ஏழே முக்காலுக்கே குடுத்துட்டேனே! உங்கிட்ட வந்து சொன்னேனே. நீயும் ‘ம்’னு தலையாட்டுனியே!”

எனக்குக் கை கால் உதறியது. ஏன் தெரியுமா? காய்ச்சல் மருந்துதானே என்று நாம் நினைக்கிற இந்தப் பாராசிட்டமால், அளவு மிஞ்சினால் கல்லீரலைப் பாதிக்கும். முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாமல்கூட இருக்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மருந்தைத் தெரியாமல் அதிகமாகக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்களுக்கு எங்கள் வேலையில் ஓர் எண் உண்டு: டி 39.1 எக்ஸ் 1 ஏ. எத்தனையோ முறை என் கையால் போட்டிருக்கிறேன். யாரோ ஒரு அமெரிக்கத் தாயின் கவனக்குறைவு என்று ஒரு வினாடிகூட நின்று நினைக்காமல் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த எண் என் வீட்டு நடுக்கூடத்தில் வந்து நின்றது.

டாக்டருக்குப் போன் போட்டோம். பாட்டிலின் லேபிளைப் படிக்கச் சொன்னார். அவர் முதலில் கேட்டது எவ்வளவு ஸ்பூன் என்று இல்லை. ‘5 மில்லியில் எத்தனை மில்லிகிராம்?’ என்றுதான். (இந்த சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டில் மாறினால் அளவும் மாறும். இதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.) குழந்தையின் எடையையும் கேட்டுக்கொண்டு, “ஒரு வேளை கூடினதால் பயம் இல்லை. காலைவரைக்கும் இனி மருந்து வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். வாந்தி, வயிற்றுவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் இருந்தால் உடனே கொண்டுவாருங்கள்” என்றார்.

விடிய விடிய நானும் அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தை என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். “நீ ‘ம்’னதாலதான் நான் நிம்மதியாப் போயி மத்த வேலையப் பாத்தேன்.”

அந்த வார்த்தைதான் என்னை அறுத்தது.

கட்டைவிரல் படம்

குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நானும் ‘இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்’ என்று தீர்மானம் செய்துகொண்டேன். ஆனால், மருந்து விஷயத்தில் மட்டும்தான்! பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு டீம் மீட்டிங். நாகர்கோவில் பெண்ணின் கணக்கில் பதினான்கு சார்ட் பாக்கி நின்றது. அன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். எல்லோர் முன்னாலும் கேட்டேன்: “பொறுப்பு வேண்டாமா? முடியாது என்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

இரண்டு மூன்று வினாடி சத்தமே இல்லை. அப்புறம், “ஸாரி, மேடம்” என்று ஒரு சின்னக் குரல். பின்னால் யாரோ நர்ஸ் யாரையோ கூப்பிடும் சத்தம். அவள் என்னை எப்போதும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு ‘மேடம்’ என்றாள். அது உறைத்ததால்தான் போனை எடுத்துப் பார்த்தேன்.

முதல் நாள் ராத்திரி 11.40-க்கு அவளிடமிருந்து ஒரு மெஸேஜ். ‘அக்கா, பதினாலு சார்ட் பாக்கி இருக்கு’ என்று முதல் வரி. அதற்குக் கீழே: ‘அப்பாவுக்கு திடீர்னு ஒரு பக்கம் கை கால் வரல. வாய் கோணிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருக்கோம். நாளைக்கு என்னால முடியாதுக்கா. யாருக்காவது மாத்தி விட்டுருங்க.’

அதற்குக் கீழே என் பதில். கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டும் அந்த மஞ்சள் படம்.

தூக்கக் கலக்கத்தில், முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, நான் அழுத்திய கட்டைவிரல்!

உடனே அவளுக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்றே தெரியவில்லை. அவள்தான் பேசினாள்: “பரவாயில்லைக்கா. நீங்க பாத்துட்டீங்கன்னு நெனச்சுதான் நான் அதுக்கப்பறம் போனையே எடுக்கல. ராத்திரி முழுக்க அப்பாகிட்டயே இருந்துட்டேன்.”

அத்தை சொன்ன அதே வார்த்தை! ஒருத்தர் நிம்மதியாகப் போய் அடுத்த வேலையைப் பார்த்தார்கள். இன்னொருத்தி நிம்மதியாகப் போனைக் கீழே வைத்தாள். எதை நம்பி? என் ‘ம்’மை நம்பி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘ம்’ என்பது ஒன்றுமில்லாத சத்தம் இல்லை. அது ஒரு வாக்கு. ‘நீ சொன்னதை நான் வாங்கிக்கொண்டேன், இனி அந்தப் பாரம் என்னுடையது’ என்று கொடுக்கிற வாக்கு. காதில் வாங்காமல் ‘ம்’ கொட்டுவது, பணமில்லாத கணக்குக்கு செக் எழுதிக் கொடுக்கிற மாதிரி. பேசாமல் இருந்திருந்தால்கூட அவர்கள் இன்னொரு முறை சொல்லியிருப்பார்கள்.

ராத்திரி அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். “சபையில வச்சுக் கேட்டதுக்கு சபையிலதான் பதில் சொல்லணும்” என்றார்கள். திங்கட்கிழமை மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னாலும் நடந்ததைச் சொல்லி, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மத்தியானத்துக்குள் மூன்று பேர் எனக்குத் தனியாக எழுதினார்கள். ‘நானும் ஒரு விஷயம் சொல்லியிருந்தேன், நீங்க கவனிக்கல மேடம்’ என்று! ஒருத்தி மூன்று மாதக் கர்ப்பம். எனக்குச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்கும் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தேன்.

பாட்டியின் கேள்வி

சின்ன வயசில் லால்குடியில் எங்கள் பாட்டி திண்ணையில் கதை சொல்வார். ‘உம்’ கொட்டினால்தான் கதை நகரும். தூக்கம் சொக்கிக்கொண்டு வரும்போதும் கதை நின்றுவிடக் கூடாதே என்று நாங்கள் வெறுமனே ‘உம்… உம்…’ என்போம். பாட்டிக்குத் தெரிந்துவிடும். சட்டென்று நிறுத்தி, “எங்க விட்டேன், சொல்லு?” என்பார். சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்குக் கதை அவ்வளவுதான். போய்ப் படுக்க வேண்டியதுதான்.

திராட்சை வகுப்பில் வராத ஞானம் எனக்குப் பாட்டியின் கேள்வியில் வந்தது. அதன் பிறகு நான் செய்துகொண்ட மாற்றங்களைச் சொல்கிறேன். எல்லாம் சாதாரணமானவைதான்.

முதலில் வீட்டு விஷயம். சமையலறைத் தினசரிக் காலண்டர் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டோம். யார் குழந்தைக்கு மருந்து கொடுத்தாலும் அன்றைய தாளில் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணி என்று எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் கொடுத்ததாகக் கணக்கு. வாய்ச்சொல் செல்லாது. மாமாவின் பிரஷர் மாத்திரைக்கும் இப்போது அதே தாள்தான்.

இரண்டாவது, ஹெட்போன். காதில் இருந்தால் என்னிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. கையை உயர்த்தி ‘அப்புறம்’ என்று காட்டுவேன். உயிர் போகிற அவசரம் என்றால் அத்தை உள்ளே வந்து என் தோளைத் தொடுவார்கள். நான் மீட்டிங்கை நிறுத்திவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பேன். நியூஜெர்சி அம்மாளிடமும் சொல்லிவிட்டேன். ‘அதற்கென்ன, எனக்கும் குழந்தைகள் உண்டு’ என்றுவிட்டாள். கேட்காமலேயே இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன்!

மூன்றாவது, மெஸேஜைத் திறப்பதற்கு முன் ஒரு மூச்சு. இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. லிண்டா ஸ்டோன் என்ற அமெரிக்கப் பெண்மணி, பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்த்தவர், 2008-இல் ஒன்றை எழுதினார். ஈமெயில் பார்க்கும்போது பலர் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று. நான் என்னைக் கவனித்துப் பார்த்தேன். நிஜம்தான்! டொய்ங் என்றதும் தோள் ஏறி, மூச்சு நின்று, விரல் ஓடும். இப்போது மூச்சை முழுசாக விட்டுவிட்டு அப்புறம்தான் திறக்கிறேன். கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். ஒரு மெஸேஜுக்கு அரை நிமிஷம் கூட ஆகிறது. அவ்வளவுதான் நஷ்டம்.

நான்காவது, எங்கள் டீமில் கட்டைவிரல் படத்துக்குத் தடை! என்ன புரிந்துகொண்டோமோ அதை ஒரு வரியில் எழுத வேண்டும். ‘சரி, உங்க பதினாலு சார்ட்டையும் நானும் சேலமும் பிரிச்சுக்கறோம். நீங்க அப்பாவைப் பாருங்க’ என்று. மீட்டிங் முடிவில் யாராவது ஒருவர் ‘எங்க விட்டோம்?’ என்று கேட்பார். முடிவானது என்ன, யார் எதைச் செய்வது என்று இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சில நாள் நானே மாட்டிக்கொண்டு முழிப்பேன். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

ஐந்தாவது, பச்சைப் புள்ளியைப் பார்ப்பதை விட்டேன். அதற்குப் பதில் ஒரு நாளைக்கு இரண்டு பேர். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். திங்கள் முதல் வெள்ளிக்குள் பத்துப் பேரோடும் பேசியாகிவிடும். சார்ட் கணக்கு அதில் கிடையாது. ‘எப்படி இருக்கீங்க, வீட்ல என்ன விசேஷம்?’ அவ்வளவுதான். கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்துவது இல்லை. பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு பேசுகிறவளுக்குக் கேமரா எதற்கு? குரலைக் கவனித்துக் கேட்டால் முகம் தானாகத் தெரிகிறது.

கடைசியாக, ராத்திரி. எட்டரை மணிக்கு மேல் மெஸேஜ் இல்லை. ஏதாவது ஞாபகம் வந்தால் எழுதிவைத்து, காலை ஒன்பதுக்குப் போகிற மாதிரி வைத்துவிடுகிறேன். அவசரம் என்றால் போன் செய்ய வேண்டும் என்பது சட்டம். என் அம்மா சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடுவார். அதோடு அன்றைய தையல் முடிந்தது. யார் வந்து கெஞ்சினாலும் காலையில்தான். அதே மாதிரி என் லேப்டாப்புக்கும் பழைய சுங்கடிப் புடவையில் ஓர் உறை தைத்துவிட்டேன். உறை போட்டால் கடை மூடியாயிற்று என்று குழந்தைக்கும் தெரியும்.

இதை நான் சோம்பலுக்காகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று. அந்த நவம்பர் வாரத்தில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 61 மணி! சமையல், துவைப்பு எல்லாம் இதில் சேர்த்தி இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டதா?

‘அப்புறம் எல்லாம் பிரமாதமாக நடந்தது’ என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் சொல்லக் கூடாதே. மாசக் கடைசியில் டார்கெட் நெருக்கும்போது பழைய புத்தி தலைகாட்டும். ‘உங்க டீம் ராத்திரி பதில் போட லேட்டாகுது’ என்று மேலிடத்தில் ஒரு தடவை முகத்தைச் சுளித்தார்கள். நான் சண்டை போடவில்லை. அந்த மாதத் தவறுகளின் கணக்கை எடுத்துக் காட்டினேன். முன்பைவிடக் குறைந்திருந்தது. அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை.

நாகர்கோவில் பெண்ணின் அப்பா பிழைத்துக்கொண்டார். சீக்கிரம் கொண்டுபோனதுதான் காரணம். (வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த ஊசி எல்லோருக்கும் பொருந்தாது. அதை டாக்டர்தான் தீர்மானிப்பார். நம் வேலை ஓடுவது.) அவருக்கு வலது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. அவள் இன்னும் என் டீமில்தான் இருக்கிறாள். ‘மேடம்’ மறுபடியும் ‘அக்கா’ ஆக ஏழெட்டு மாதம் ஆயிற்று. அந்த ஏழெட்டு மாதம்தான் எனக்குக் கிடைத்த தண்டனை, பாடமும் அதுதான்.

நீங்கள் ஆபீஸ் வேலை பார்க்காதவர்களாக இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை, வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண், கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மா என்று, இன்று நம் எல்லோர் குடும்பமும் ஊருக்கு ஒருவராகத்தான் இருக்கிறது. போனில்தான் அவர்களைப் பார்த்துக்கொள்கிறோம். அடுப்பில் ஒரு கண்ணும் டி.வி.யில் ஒரு கண்ணுமாக அவர்களுக்கு ‘ம்’ கொட்டினால், நாகர்கோவிலும் உறையூரும் உங்கள் வீட்டிலும் நடக்கும். முடியாத நேரத்தில், ‘இப்ப முடியாதும்மா, பத்து நிமிஷத்துல நானே கூப்பிடறேன்’ என்று சொல்லிவிடுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பத்து நிமிஷத்தில் கூப்பிட்டுவிடுங்கள்!

சரி, ஆரம்பத்தில் சொன்ன டிபன் பாக்ஸ் கதை என்ன ஆயிற்று?

மாட்டிக்கொண்டேன் அல்லவா? கீரைத் தட்டைத் தள்ளிவைத்தேன். “எங்க விட்டேன், சொல்லு பாப்போம்?” என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். (பாட்டி கதை அவளுக்கும் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.) எனக்குத் தெரியவில்லை. “தெரியலடி, கண்ணு. கேக்கல” என்று ஒப்புக்கொண்டேன்.

“பரவால்ல. மொதல்லேர்ந்து சொல்றேன்” என்று என் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் ஒரு கொத்துக் கீரையை எடுத்துக்கொண்டாள்.